கணினித் திரையிற் புத்தாடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. ஆடை மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. கணினித் திரையில் தோன்றும் பொத்தானுக்கும் பெட்டிக்கும் அஃது உண்டு. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவக்கூடும். நம் கல்முனைக்கு அயலதாகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பண்டிதராயும் விஞ்ஞானப் பட்டதாரியாயும் விளங்கியவர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் சென்ற வழியிற் சில அடிகள் நடக்க நாமும் முனைகிறோம்.

ஒரு செய்நிரலைத் திறந்ததும் அழுத்தும் பொத்தான், எழுதும் பெட்டி, தெரிவு செய்யும் வட்டம், பட்டியல் முதலியன தோன்றுகின்றன. இவற்றைக் கட்டுப்பாடுகள் என்பர். செய்நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இவற்றைத் தாமே வரைவதில்லை. விண்டோஸ் வைத்திருக்கும் பொது நூலகத்திலிருந்து கேட்டுப் பெறுகின்றனர். 2001 ஆம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, சாம்பல் நிறச் சதுரங்களாய் இருந்த இவை வளைந்த விளிம்பும் வண்ணமும் பெற்றன. ஆயினும் பழைய செய்நிரல்கள் பழைய கோலத்திலேயே நின்றன. ஏன்?

எக்ஸ்பியில் அந்நூலகத்தின் இரு பதிப்புக்கள் அருகருகே வைக்கப்பட்டன. 5.82 என்பது பழையது. 6 என்பது புதியது. பழையதை நம்பி எழுதப்பட்டவை பழுதுறாதிருக்க, கேளாதார்க்குப் பழையதே வழங்கப்பட்டது. புதியதை வேண்டுவோர் ‘மனிபெஸ்ட்’ என்னும் சிறு முறியில் ‘எமக்கு ஆறாம் பதிப்பு வேண்டும்’ என எழுதிச் செய்நிரலுடன் இணைத்தல் வேண்டும். டொட் நெற் முறையில் எழுதுவோர்க்கு ‘எனேபிள் விசுவல் ஸ்டைல்ஸ்’ என்னும் ஒரு கட்டளை போதும். ஆனால் அதனைத் தொடக்கத்திலேயே, எந்தக் கட்டுப்பாடும் உருவாகுமுன் எழுதுதல் வேண்டும். மருதமுனைக் கைத்தறியில் பாவு ஓட்டுமுன்பே நூலின் நிறத்தைத் தீர்மானித்தல் போன்றது இது; நெய்து முடித்தபின் நிறத்தை எண்ணிப் பயனில்லை. பழைய சாளரக் கோலம் விண்டோஸ் 8 இல் (2012) நீக்கப்பட்டது. எனினும் முறி இணையாத செய்நிரலின் பொத்தான்கள் இன்றும் பழைய சதுரங்களாகவே தோன்றுகின்றன.

இனி, நாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுவோம். ஒரு பாடசாலை அலுவலகத்திற் புள்ளிப் பதிவுக்கென விசுவல் பேசிக் 6 இல் எழுதப்பட்ட செய்நிரல் ஒன்று இருந்தது. அதற்குப் புத்தாடை அணிவிக்க விரும்பி முறியை இணைத்தோம். பொத்தான்கள் பொலிந்தன. ஆனால் சட்டத்துள் இருந்த தெரிவு வட்டங்களின் பின்புறம் கரிபோற் கறுத்தது. அக்குறை பலரும் அறிந்ததே. சட்டத்துள் ஒரு படப்பெட்டியை வைத்து, அதன்மேல் வட்டங்களை அமைக்கக் கருமை நீங்கிற்று.

நீங்காத குறை வேறொன்று. மாணவி ஒருத்தியின் பெயர் பெட்டிக்குள் அழகிய தமிழாய்த் தெரிந்தது. சாளரத்தின் தலைப்பிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்ச் சிதறிற்று. காரணம், அப்பெயர் பாமினி எழுத்துருவில் உள்ளிடப்பட்டமையே. பாமினியிற் சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துக்கள். எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் முகம் தருகிறது. தலைப்பை விண்டோஸ் தன் சொந்த எழுத்துருவால் எழுதுவதால் முகமூடி கழன்றது. பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தியபோது மற்றொன்றும் வெளிப்பட்டது. பாமினியிற் கொம்பு முன்னும் மெய் பின்னுமாய்ப் பதிவதால், கெங்காவும் செல்வியும் மெஹரூனும் கொம்பு என்னும் ஒரே குடையின்கீழ் ஒதுங்கினர். நன்னூல் கற்பிக்கும் நமக்கு இது பொறுக்குமா?

யூனிக்கோட்டில் இவ்விடர் இல்லை. ஆங்கு மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாய்ச் சேமிக்கப்படுகின்றன. இது நம் இலக்கணத்தோடு ஒத்தது. 2000 ஆம் ஆண்டின் விண்டோஸ் லதா எழுத்துருவுடன் தமிழை ஏற்றது; நம் நாட்டின் தமிழ்க் குறியீட்டுத் தரமும் 2008 இல் 1326 என்னும் இலக்கத்தோடு வெளிவந்தது. மேற்கூறிய ஆறாம் பதிப்பும் யூனிக்கோட்டுக்கென்றே அமைந்தது என மைக்ரோசொப்ட் கூறுகிறது. விசுவல் பேசிக் 6 இன் சொந்தப் பெட்டிகளோ யூனிக்கோட்டுத் தமிழைக் காட்ட வல்லனவல்ல. ஆகவே அச்செய்நிரலை டொட் நெற்றில் மீள எழுதுவித்து, பெயர்களையும் ஒவ்வொன்றாய் யூனிக்கோட்டுக்கு மாற்றிச் சரிபார்த்தோம். ஒரு தவணை விடுமுறை அதிற் கழிந்தது. அம்மாணவியின் பெயர் தலைப்பிலும் தமிழாய்த் தோன்றிய நாளில் உழைப்பு வீண்போகவில்லை என்றுணர்ந்தோம்.

கணினி பயிலும் மாணவர்காள்! ஆடையை மாற்றுதல் ஒரு வரிச் செயல். உள்ளிருக்கும் எழுத்தைத் திருத்துதலே பெரும்பணி. இரண்டனுள் எதனை முதலிற் செய்வது என ஐயுறின், எழுத்தையே முதலிற் செய்ம்மின். விழாக்காலத்திற் கட்டடத்துக்கு வெள்ளையடித்தல் நன்று. இடாப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிழையின்றி இருத்தல் அதனினும் நன்று.