கோச்செங்கட்சோழர் திருப்பிறப்பும் மருத்துவ நூலும்

பெரியபுராணத்து மன்னிய சீர்ச் சருக்கத்துள் வரும் கோச்செங்கட்சோழ நாயனார் வரலாற்றில், அவர் பிறந்தருளிய செய்தி கற்பார் உள்ளத்தை உருக்குவதாம். திருவானைக்காவில் வெண்ணாவல் நீழலமர்ந்த பெருமானுக்குத் தன் வாய்நூலாற் பந்தரிட்ட சிலந்தி, அத்தொண்டின் பயனாகச் சோழர் குலத்துச் சுபதேவர்க்கும் கமலவதியார்க்கும் மகவாய் வந்தது. ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் இக்குழவி மூவுலகும் ஆளும் எனக் காலக்கணிதர் கூற, கமலவதியார் தம் காலைப் பிணித்துத் தலைகீழாகத் தூக்குமாறு பணித்தார். அந்நாழிகை கழிந்தபின் ஈன்று, மகவின் செங்கண் நோக்கி அப்பெயரால் அழைத்து உயிர் நீத்தார்.

இதனை மருத்துவ நூலோடு வைத்து நோக்குவாம். பேற்றின்போது உண்டாகும் அழுத்தத்தாற் குழவியின் வெண்விழியிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் உடைந்து செம்மை தோன்றுதல் உண்டு. அஃது இயல்பான பேற்றிலும் காணப்படுவதே. பார்வைக்கு ஊறு செய்யாது, பெரும்பாலும் இரண்டு வாரத்துள் தானே மறையும். ஆகவே கண் சிவந்து பிறத்தல் உலகியலுக்கு ஒவ்வாத செய்தியன்று. தாயார் இறந்தமையும் அத்தகையதே. ஒரு நாழிகையாவது 24 நிமிடம். கருப்பை சுருங்குந்தோறும் குழவிக்குச் செல்லும் குருதி குறைந்து மீளும். பேறு தடைப்பட்டு நீளின் குழவிக்கு உயிர்வளி குன்றும். தாய்க்குக் கருப்பை கிழிதலும், பேற்றின்பின் குருதி பெருகலும் நேரும். சேக்கிழார் பெருமான் மகவின் ஆக்கத்தைக் கூறுமிடத்துத் தாயின் இறப்பை மறைத்திலர் என்பதை உய்த்துணர்க.

அற்றேல், கணிதர் சொல் பலித்ததன்றோ, நாழிகையன்றோ அரசு தந்தது எனின், அற்றன்று. சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்துள், பேறும் இழவும் முதலாகச் சாக்காடு ஈறாகிய ஆறும் உயிர் கருவிற் பட்டபொழுதே அமைந்தன என அருணந்தி சிவாசாரியர் அறிவுறுத்தினார். கருவில் அமைந்ததனைப் பிறக்கும் நாழிகை புதிதாகத் தருமாறு யாங்ஙனம்? நாழிகை வினைப்பயனைக் காட்டும் குறியேயன்றி, அதனைத் தரும் முதலன்று. வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது, கூட்டுவிப்பான் இறைவனே. சிலந்திக்கு அரசு தந்தது ஆனைக்காவிற் செய்த தொண்டும், அதனை ஏற்ற திருவருளுமேயாம்.

இவ்வாராய்ச்சியால் இக்காலத்தார்க்கு ஆவதொரு பயன் உண்டு. நாளும் கோளும் குறித்துக்கொண்டு, அந்நேரத்தில் வயிற்றை அறுத்து மகவை எடுக்குமாறு மருத்துவரை வேண்டுவார் இந்நாளில் உளர். 39 வாரம் நிரம்புமுன் தக்க காரணமின்றி எடுப்பின், நுரையீரல் முற்றாது குழவி மூச்சுக்கு இடர்ப்படுதல் கூடும். உடனே எடுக்கவேண்டிய மகவை நல்வேளை கருதித் தாழ்ப்பின் இருவர் உயிர்க்கும் இறுதியாகும். தாய் சேய் நலங்கருதி மருத்துவர் குறிக்கும் பொழுதே நற்பொழுது. கமலவதியார் செயல் அன்பின் மிகுதியைக் காட்டிற்றேயன்றிப் பிறர் பின்பற்றும் விதியாக விதந்தோதப்பட்டதில்லை.

குழவிக்கு நல்வாழ்வு வேண்டுவோர் நாழிகையை நாடாது, சிலந்தி நாடிய திருவடியை நாடுக.

திருச்சிற்றம்பலம்.