பள்ளத்தின் அடியைத் தேடி

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தின் அடிக்குப் போகவேண்டும். மிகச் செங்குத்தான திசையில் இறங்கி, ஏற்றம் வந்ததும் திரும்புவீர்கள் அல்லவா? ஆனால் அது சுற்றுவழி!

உயரம் = க² + 9ச² எனக் கொள்வோம். பள்ளத்தின் அடி (0, 0). சரிவு (2க, 18ச). (9, 1) என்ற புள்ளியில் சரிவு (18, 18). அதன் எதிர்த்திசையில் இறங்கினால் (7.2, –0.8) வரை போகலாம். அங்கே சரிவு (14.4, –14.4). இப்படியே 10 முறை திரும்பித் திரும்பி இறங்கினாலும் க-வின் மதிப்பு ஏறத்தாழ 0.97 தான்.

பழைய திசையையும் சிறிது சேர்த்தால்? சேர்க்கும் விகிதம் (14.4/18)² = 0.64. புதிய திசை:

(–14.4, 14.4) + 0.64 (–18, –18) = (–25.92, 2.88)

இதை 3.6ஆல் வகுத்து (7.2, –0.8) உடன் கூட்டுங்கள். (0, 0)! இரண்டே படிகள். இதுவே இணைச்சரிவு முறை.

1952இல் ஹெஸ்டெனெஸ், ஸ்டீஃபெல் இருவரும் ஒருபடிச் சமன்பாடுகளுக்காக இம்முறையை வெளியிட்டனர். 1964இல் ஃபிளெட்சர், ரீவ்ஸ் இருவரும் மேற்கண்ட விகிதத்தைக் கொண்டு இதைப் பிற சார்புகளுக்கும் விரித்தனர். 1969இல் போலக், ரிபியர் வேறொரு விகிதம் தந்தனர். நம் கணக்கில் இரண்டும் ஒன்றே. கரடுமுரடான பள்ளங்களில் வேறுபடும். அங்கே முன்னது சிலசமயம் சின்னஞ்சிறு படிகளாகத் தவழும். பின்னது பழைய திசையை மறந்து விரைவில் மீளும். ஆனால் முடிவில்லாமல் சுற்றிவரவும் கூடும்.

ஆகவே பிறந்தது கலப்பு முறை. பின்னதன் விகிதத்தையே எடுத்துக்கொள். அது முன்னதைத் தாண்டினால் முன்னதை எடு. 0-க்குக் கீழே போனால் 0 எனக் கொள். ஒன்றின் வேகமும் மற்றதன் உறுதியும் சேர்கின்றன.

க² + 4ச² என்ற பள்ளத்தில் (4, 1) இலிருந்து நீங்களே இறங்கிப் பாருங்கள். இரண்டாம் படியில் அடி தட்டுகிறதா?