குழந்தைகள் இல்லங்கள்: பாசம் இருந்தால் போதுமா?

நம்பிக்கை: பிள்ளைகள் மேல் பாசம் இருந்தால் போதும், ஊழியருக்குப் பயிற்சி எதற்கு?

உண்மை: இல்லங்களுக்கு வேலைக்கு வருகிற பலருக்கும் பாசம் இருக்கத்தான் செய்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் படுக்கைக் கூடத்தில் இரண்டு பையன்கள் கட்டிப் புரள்கிறார்கள். காலையிலிருந்து ஓடிக் களைத்த வார்டன் ஒற்றை ஆளாக நிற்கிறார். பழகாதவர் கை அப்போது ஓங்கத்தான் செய்யும். வேடிக்கை பார்க்கிறவர்களை முதலில் வெளியே அனுப்புவது, குரலைத் தாழ்த்துவது, இருவரையும் தனித்தனியே உட்காரவைப்பது என்று எல்லாவற்றையும் முன்பே செய்து பார்த்துப் பழகியிருக்க வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் கைதானார்கள். அதை நாம் மறக்கவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, இல்லத்தில் பிள்ளையை அடித்துத் திருத்துவது குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறை.

நம்பிக்கை: பெண் பிள்ளைகள் இல்லத்தில் பெண் ஊழியர்கள் இருந்துவிட்டால் பயமில்லை.

உண்மை: பீகாரின் முசாஃபர்பூரில் பெண் பிள்ளைகள் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கையால் 2018-இல் வெளியே வந்தது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்த 19 பேரில் அங்கே வேலை பார்த்த பெண்களும் உண்டு. ஆகவே, பிள்ளைகளோடு பழகும் ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் அவ்வப்போது பயிற்சியும் வேண்டும் என்கின்றன 2020-இன் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள். சமையல்காரரும் இரவுக் காவலரும் இதில் அடக்கம். பயிற்சி நாளன்று இவர்களை அடுப்படியிலும் வாசலிலும் நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் இருப்பவர்களை மட்டும் உட்காரவைப்பது பெரிய தவறு.

நம்பிக்கை: பிள்ளை ஏதாவது சொன்னால், முதலில் நாமே விசாரித்து உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: அதிகக் கேடு செய்வது இதுதான். துணி மடித்துக்கொண்டிருக்கிற ஊழியர் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. "அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறது. சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோம்; செய்யாவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்று தோன்றும். "உன்னைப் பாதுகாக்க ஒரு சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்மா. யாருக்குன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். அப்புறம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். துருவக் கூடாது, "அவரா அப்படிச் செய்வார்?" என்று முகம் சுளிக்கக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே கூப்பிட்டு நிறுத்தவே கூடாது. பிள்ளை சொன்ன அதே சொற்களை, நாளும் நேரமும் போட்டு எழுதிவைக்க வேண்டும். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தம் ஊழியர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவர் மேல் வழக்குப் பாயாது. இதையும் ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் வேலை போய்விடுமோ என்ற பயமே பலர் வாயை அடைக்கிறது.

நம்பிக்கை: புகார்ப் பெட்டி மாட்டியிருக்கிறோமே.

உண்மை: பெட்டி அலுவலக வாசலில் தொங்கினால் எந்தப் பிள்ளை போடும்? பிள்ளைகள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில், அலுவலகத்தைவிட்டுத் தள்ளி அது இருக்க வேண்டும் என்பது விதி. சாவியும் கண்காணிப்பாளர் கையில் இருக்கக் கூடாது.

நம்பிக்கை: இல்லத்தைவிட்டு ஓடுகிற பிள்ளை அடங்காத பிள்ளை.

உண்மை: வீட்டு நினைப்பில் ஓடுகிறவர்கள் உண்டு, அடிக்கும் பெரிய பையனுக்கோ, தொந்தரவு தரும் ஊழியருக்கோ பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. திரும்பக் கொண்டுவந்ததும் திட்டுவதும் தண்டிப்பதும் அடுத்த முறை இன்னும் தூரமாக ஓடவே வழிசெய்யும். முதலில் சாப்பாடும் தூக்கமும் கொடுத்துவிட்டு, ஓடிய அன்று பணியில் இல்லாத ஒருவர்தான் அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் முன்னும், இல்லத்து ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் பேச அதற்கு வாய்ப்புத் தர வேண்டும்.