மலைத்தடமும் மக்கள் மன்றமும்
(பேருந்து வழித்தட மாற்றக் கூட்டங்களில் பங்குபெறுதல் பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

நாட்டின் வளத்தை அளக்கப் பல அளவுகோல்கள் உண்டு. மலைநாட்டின் வளத்தை அளக்க அங்குச் செல்லும் முதற் பேருந்தின் நேரமும், திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரமுமே போதும் எனலாம். பள்ளி, மருத்துவமனை, சந்தை, கல்லூரி ஆகிய அனைத்தும் அவ்விரு நேரங்களுக்கு இடையில்தான் மலைவாழ் மக்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆதலின், அந்நேரங்களையும் தடங்களையும் முடிவு செய்யும் இடங்களில் பயணம் செய்வோரின் குரல் ஒலித்தல் வேண்டும். அதற்குச் சட்டம் தரும் வாயில்கள் எவை, அவற்றைப் பயன்படுத்தும் முறை யாது என்பவற்றைக் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் வரலாறும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் வெள்ளிமலையும், சேலம் பகுதியில் கருமந்துறையும் முதன்மையான ஊர்களாகும். மலையாளிப் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்கு ஏறும் சாலை, மலைக்கும் சமவெளிக்கும் இடையே உயிர்நாடியாக விளங்குகின்றது.

இம்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஏனைய ஊர்கள் நெடுங்காலம் பெற்றுவந்த பொது வசதிகள் இங்குப் பிந்தியே வந்தன. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரக் கோட்டமாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, ஆட்சியரைக் காண மலைமக்கள் விழுப்புரம் செல்ல வேண்டியிருந்தது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்க்கைத் தரம் குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து, அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் வினவியது. ஓர் ஊருக்குப் போதிய சாலை இல்லை என்பது நீதிமன்றம் வரை செல்லத்தக்க செய்தி என்பதை நாம் உணர வேண்டும்.

சட்டம் தரும் வாயில்கள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்று பிரிவுகளில் மக்களின் கருத்துக்கு இடம் தருகின்றது. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒரு பகுதியிலோ தடத்திலோ பேருந்து இயக்குவதற்கான திட்டத்தை அரசிதழிலும், அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியில் வெளிவரும் செய்தித்தாள் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும் என்கிறது 99ஆம் பிரிவு. அரசிதழில் வெளியான 30 நாட்களுக்குள் எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். மறுத்தவருக்கு நேரில் எடுத்துரைக்கும் வாய்ப்பளித்த பின்னரே அரசு திட்டத்தை ஏற்கலாம் என்கிறது 100ஆம் பிரிவு. ஏற்கப்பட்ட திட்டத்தைப் பின்னர் மாற்றும்போதும், மாற்றத்தால் பாதிக்கப்படக்கூடியவர் என அரசு கருதுவோரைக் கேட்க வேண்டும் என்கிறது 102ஆம் பிரிவு.

இதற்கு அண்மைக்காலச் சான்று புதிய சிற்றுந்துத் திட்டமாகும். தமிழகத்தில் 1997இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டத்தை விரிவுபடுத்த 2024இல் வரைவு வெளியிடப்பட்டு, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடைபெற்றது. 2025இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மிகாமலும், அதில் 65 விழுக்காடேனும் பேருந்து வசதி இல்லாத பகுதியாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 25 கிலோமீட்டர்த் தடமாயின், 16¼ கிலோமீட்டர் பேருந்து காணாத சாலையாக அமைதல் வேண்டும். அச்சாலை எது என்பதை அச்சாலையில் நடப்பவரே நன்கறிவர்.

இரண்டாவது வாயில் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகின்றது. மலைப்பகுதியில் இதற்குத் தனிச் சிறப்புண்டு. பேருந்து ஓடச் சாலை வேண்டும். சாலை பல இடங்களில் வனநிலத்தின் வழியே செல்ல வேண்டியிருக்கும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை உள்ளிட்ட பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாதபடி, வழங்க இடமளிக்கின்றது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை இன்றியமையாதது. எனவே சபைக்குச் செல்லாத ஊர், தன் சாலைக்கான திறவுகோலைத் தானே கைவிட்ட ஊராகின்றது.

மூன்றாவது வாயில், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். திட்ட மாற்றத்துக்குச் சட்டப்படியான கேட்பு உண்டு. ஆயின் ஒரு நடையைக் குறைப்பதும், அரைமணி நேரம் முன்பின் தள்ளுவதும் பெரும்பாலும் நிருவாக அளவிலேயே முடிந்துவிடுகின்றன. அமெரிக்க நாட்டில், நடுவணரசின் நிதியுதவி பெறும் நகரப் போக்குவரத்து நிறுவனம் கட்டணத்தை உயர்த்துமுன்னும், சேவையைப் பெரிதும் குறைக்குமுன்னும் மக்கள் கருத்தைக் கேட்கும் முறையைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது சட்டம். நம்மிடையே அந்த இடைவெளியை மனுவும் கிராம சபைத் தீர்மானமும்தான் நிரப்ப வேண்டும்.

வாராதவர் யார்?

கூட்டம் நகரில் முற்பகலில் நடைபெறுமாயின், மலையிலிருந்து முதற் பேருந்தில் புறப்பட்டவர் பாதியில் வந்து சேர்வர். கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடிவுக்கு முன்னரே எழுந்து செல்வர். ஒரு நாள் கூலியும் இழப்பர். பேருந்து இல்லாமையைப் பற்றிப் பேச வேண்டியவர், பேருந்து இல்லாமையாலேயே வர இயலாது போகின்றார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இராது. அதனால் அவருக்குக் குறையில்லை என்று பொருளாகாது. கல்வி கற்ற மாணவர்க்கு இங்குத்தான் கடமை பிறக்கின்றது. வாராதவரின் சொல்லை எழுத்தில் கொண்டு சேர்ப்பதும், கூட்டத்தை வெள்ளிமலை போன்ற மலையூரிலும் நடத்துமாறு கோருவதும் அக்கடமையின் இரு கூறுகளாம்.

ஆயத்தமும் அவையுரையும்

திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரமாகவும், அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. சொல்லும் திறன், கேட்போரை அறிதல், அஞ்சாது நிற்றல் என்னும் இம்மூன்றும் தமிழ் மாணவர்க்குத் தேர்வுப் பாடம் மட்டுமன்று, ஊர்ப்பணிக்குரிய கருவிகளுமாம். செய்யத்தக்கன வருமாறு:

1. கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் குறிப்பேடு எழுதுக. பேருந்து வந்த நேரம், வாராத நாள், ஏற இடமின்றி நின்றோர் தொகை, அவருள் மாணவர், நோயாளர் எத்துணையர் என்பன அதில் இடம்பெறுக. "பேருந்து சரியாக வருவதில்லை" என்னும் புலம்பலைவிட "ஏழு நாளில் மூன்று நாள் வரவில்லை" என்னும் கணக்கு வலிமையுடையது.

2. கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். புதிய தடமா, தட நீட்டிப்பா, நேர மாற்றமா, இரவு தங்கும் பேருந்தா என்று தெளிவுறுத்துக. மாலையில் வந்து மலையில் தங்கி விடியலில் புறப்படும் பேருந்து, கல்லூரி மாணவர்க்கும் சந்தைக்குச் செல்வோர்க்கும் ஒருங்கே பயன்படும்.

3. பேருந்தின் வகையையும் கேட்க. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அது நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு நீட்டிக்கப்படுமென 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. வகையின் பெயரிலேயே ஏழைப் பெண்ணின் கட்டணம் அடங்கியுள்ளது.

4. எதிர்த்தரப்பின் இடரையும் அறிந்து பேசுக. ஒரு தடத்தை மாற்றினால் வேறோர் ஊர் தன் பேருந்தை இழக்கலாம். அவ்வூராரையும் உடன்கொண்டு சென்று, இரு ஊரும் ஏற்கும் நேரத்தை முன்வைப்பதே நீதி. நம் பிள்ளைக்காகப் பிறர் பிள்ளையை நடக்க விடுதல் அறமாகாது.

5. ஓட்டுநரையும் நடத்துநரையும் பழித்துரையற்க. தடத்தை முடிவு செய்பவர் அவரல்லர். மலைவளைவின் இடரை அவரே நன்கறிவர். அவர் கூறும் செய்தி மனுவுக்குத் துணையாகும்.

கூட்டத்துக்குப் பின்

கூட்டம் முடிந்ததும் பணி முடிந்துவிடுவதில்லை. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெறுதலும், கிராம சபைத் தீர்மானத்தின் படியைப் பாதுகாத்தலும் வேண்டும். விடை வாராவிடின், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடையளித்தல் கடமை. கேட்ட பேருந்து வந்துவிட்டால், அதில் ஏறிப் பயணம் செய்து தடத்தைக் காப்பதும் ஊராரின் பொறுப்பே. ஏறுவாரற்ற தடம் நெடுநாள் நிலையாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தட மாற்றத்தில் மக்கள் பேச அரசிதழ் மறுப்பு, கிராம சபை, குறைதீர்க்கும் நாள் என்னும் வாயில்கள் உள்ளன என்பதும், தொலைவும் வறுமையும் மலைமக்களை அவற்றினின்று விலக்கி வைக்கின்றன என்பதும், கற்றோரின் எழுத்தும் கணக்கும் அவ்விலகலைக் குறைக்கும் என்பதும் பெறப்படும். கல்லூரியில் பெறும் தமிழறிவு ஒரு நல்ல மனுவாக மலையேறுமாயின், விடியற்காலையில் ஒரு பேருந்தாக அது மலையிறங்கும். வரும் கிராம சபை நாளில் ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊரின் குறிப்பேட்டுடன் அவைக்குச் செல்வாராக.