அப்பா எந்த மாநிலத்தவர்?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் சித்தூர் மாவட்டம் ராமகுப்பம். நான் வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்கு வயது 72, அம்மா இல்லை. 2021-ல் இரண்டரை ஏக்கர் நிலத்தையும் வீட்டையும் அண்ணன் பேருக்கு அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன் பெங்களூரில் டாக்ஸி ஓட்டுகிறார். பதினான்கு மாதம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. எழுப்பி உட்கார வைக்கவே ஆள் வேண்டும். இரண்டு மாதம் முன்பு அண்ணன் அவரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்தான், போனைக்கூட எடுப்பதில்லை. ராமகுப்பம் வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பா பேரில் இப்போது ஒரு சென்ட் நிலமும் இல்லை. ஏழை என்ற கணக்கில் அவரை அரசு முதியோர் இல்லத்தில் சேர்க்க முடியுமா? வீட்டிலேயே வைத்துப் பார்க்க அரசு பணம் தருமா? அவருக்கு ஆந்திராவில் முதியோர் பென்ஷன் 4,000 வந்துகொண்டிருந்தது, இரண்டு மாதமாக வாங்கவில்லை. ஆதார் விலாசத்தை வாணியம்பாடிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வாணியம்பாடி

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். அண்ணியார் பேசிய பேச்சையும் பங்காளிகள் வைத்த பஞ்சாயத்தையும் இட நெருக்கடியால் எடுத்துவிட்டேன். அவற்றால் வழக்கு ஒரு அங்குலம் நகராது. வழக்கைத் தீர்மானிக்கப்போவது கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஆதார் விஷயம்தான். மாற்றாதீர்கள். ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துப் பேசும்வரையாவது மாற்றாதீர்கள்.

விலாசம் மாறினால் மாநிலம் மாறும், மாநிலம் மாறினால் பென்ஷனும் மாறும். முதியோர் பென்ஷனில் மத்திய அரசின் பங்கு மிகச் சிறியது. 60 முதல் 79 வயதுவரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. மீதியை அந்தந்த மாநிலம் போடுகிறது. தமிழ்நாட்டில் அது மொத்தம் 1,200. ஆந்திராவில் 'என்.டி.ஆர். பரோசா' என்ற பெயரில் 2024 ஜூலை முதல் 4,000. அது மட்டுமல்ல. பக்கவாதத்தால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கிவிட்டவர்களுக்கு ஆந்திரா தனியாக ஒரு பிரிவு வைத்து மாதம் 15,000 தருகிறது. முன்பு 5,000 ஆக இருந்ததை அதே 2024-ல்தான் உயர்த்தினார்கள். உங்கள் தந்தை பதினான்கு மாதமாக அந்தப் பிரிவுக்கு உரியவராகப் படுத்துக் கிடக்கிறார், நீங்களோ அவரை 1,200 ரூபாய் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விகள். வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும்படி அரசைக் கேட்கும் சட்ட உரிமை நம் நாட்டில் இல்லை. ஜப்பானில் 2000-லிருந்து அதற்கென்றே காப்பீடு இருக்கிறது, 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள். இங்கே 70 வயது தாண்டியவர்களுக்கு வரும் 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான், வீட்டில் படுத்திருப்பதற்கு அல்ல. ஆகவே இன்றைய நிலையில் நீண்ட காலப் பராமரிப்புக்கு அரசு தரும் பணம் என்று உங்கள் தந்தைக்குச் சொல்லக்கூடியது அந்த 15,000தான்.

முதியோர் இல்லத்தைப் பொறுத்தவரை, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவுக்கு, வசதியற்ற முதியோருக்கு இல்லம் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்', அவ்வளவுதான். 'அமைக்க வேண்டும்' என்று சட்டம் சொல்லவில்லை. இருக்கும் இல்லங்களிலும் தன் வேலையைத் தானே செய்துகொள்ளக் கூடியவரைத்தான் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தந்தை போன்றவர்களுக்கான தொடர் பராமரிப்பு இல்லங்களுக்கும் மத்திய அரசு மானியம் உண்டு. உங்கள் பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

"பேரில் ஒரு சென்ட் இல்லை, அதனால் ஏழை" என்ற உங்கள் கணக்கு இரண்டு முனையும் கூரான கத்தி. சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நீங்கள் சொன்ன மாத்திரத்தில் அதிகாரி கேட்கப்போவது, "வாங்கிக்கொண்டவர் எங்கே?" என்றுதான். சட்டமும் அதைத்தான் முதலில் கேட்கிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2021-ல் எழுதிய பத்திரத்தின் நகலை அனுப்பவில்லை. "தெலுங்கில் இருப்பதால் நாங்கள் படித்துப் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, ராமகுப்பத்தில் பிறந்து வளர்ந்த வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை? கல்யாணப் பத்திரிகையை எழுத்துப் பிழை பார்க்க நான்கு பேரிடம் காட்டுகிறோம், வீடும் நிலமும் கைமாறும் பத்திரத்தைப் படிக்க ஆள் தேடுவதில்லை. உங்கள் வழக்கின் உயிர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அண்ணன் பெங்களூரில் இருக்கிறார், நீங்கள் நான்கு பக்கத்துக்குக் கண்ணீர் எழுதுகிறீர்கள். பதிவுசெய்த பத்திரம்தானே? பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும். கூடவே வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். நிலத்தை அண்ணன் வேறு யாருக்காவது விற்றிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நகல் கைக்கு வந்ததும் இரண்டு வாசகங்களைத் தேடச் சொல்லுங்கள். தந்தையின் ஆயுள்வரை வீட்டில் வசிக்கும் உரிமை அவருக்கே வைக்கப்பட்டிருக்கிறதா? மகன் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? முதலாவது இருந்தால் பூட்டைத் திறக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர் தன் வீட்டிலேயே, தன் மாநிலத்திலேயே இருக்கலாம், 15,000-க்கு மனுப் போடலாம். இரண்டாவது இருந்தால் அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாதென அறிவிக்கக் கோரலாம். நிபந்தனை இல்லாமல் வெறும் அன்பின் பேரில் கொடுத்த சொத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த தாயிடம், பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது என்பது பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் "ஜெயிக்கும்" என்று சொல்கிற வழக்கறிஞரிடம் போகாதீர்கள். நிலம் விவரமறியாத ஒருவர் கைக்கு விலைக்குப் போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். தாமதம் வேண்டாம் என்று நான் கத்துவது அதனால்தான்.

பத்திரத்தில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை போய்விடாது. குப்பம் ஆர்.டி.ஓ.தான் தீர்ப்பாயம், ராமகுப்பம் மண்டலம் அந்தக் கோட்டத்தில்தான் வருகிறது. தந்தை இப்போது இருக்கும் இடம் என்ற வகையில் வாணியம்பாடி கோட்டத்திலும் மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. சொத்தும் பத்திரமும் குப்பம் பக்கம் இருப்பதால் அங்கே போவதே புத்திசாலித்தனம். கையெழுத்துப் போட முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுக்கும் யாரும் மனுத் தாக்கல் செய்யலாம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். அதுவரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். உச்ச வரம்பு மாதம் 10,000. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகளும்தான். அண்ணன் உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கக் கேட்கலாம். மருந்து, டயபர், ஆள் கூலி என்று நீங்கள் செய்த செலவுக்கெல்லாம் ரசீது எடுத்து வையுங்கள். அந்த ரசீதுகளும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

15,000-க்கு முக்கியமான காகிதம் டாக்டர் சான்று. ஊர் சச்சிவாலயத்தில் (கிராமச் செயலகம்) சதரம் என்ற மாற்றுத்திறன் மதிப்பீட்டு முகாமுக்கு நாள் பதியுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் கையில் இருக்கட்டும். வலது பக்கம் விழுந்தது வேறு, படுக்கையை விட்டு எழ முடியாதது வேறு. முதலாவதுக்கு மாற்றுத்திறனாளி பென்ஷன் 6,000 மட்டுமே. எனவே அவரால் என்ன முடியாது என்பது சான்றில் தெளிவாக எழுதப்பட வேண்டும். சான்று வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 15,000 வாங்குபவர்களின் வீட்டுக்கே டாக்டர் குழுக்கள் போய் மறுபரிசோதனை செய்தன. அண்ணனின் கார் டாக்ஸி என்பதால் குடும்பத் தகுதிக் கணக்கில் அது தடையாகாது, சொந்தக் காருக்குத்தான் தடை. மனுக் கொடுத்த மாதமே பணம் வந்துவிடும் என்று மட்டும் எண்ணவேண்டாம், அனுமதி அரசின் கையில்.

தந்தையை நிரந்தரமாக வாணியம்பாடியில் வைத்துக்கொண்டு ராமகுப்பம் விலாசத்தைக் காட்டிப் பணம் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது பொய், பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரும். அவர் எங்கே வாழப்போகிறார் என்று முதலில் குடும்பமாக முடிவு செய்யுங்கள், காகிதம் அந்த முடிவைப் பின்தொடரட்டும். அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கடிதத்தில் அவர் விருப்பம் எங்கேயும் இல்லை.

இது நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான பதில். பத்திர நகலோடு குப்பத்தில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஆர்.டி.ஓ. முன் வழக்கறிஞர் ஆஜராவதைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்தாலும் மனுவை எழுதித் தர அவர் வேண்டும். கட்டணம் முடியாவிட்டால் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அவசரம். பென்ஷனை இரண்டு மாதம் விட்டால் மூன்றாம் மாதம் சேர்த்துத் தருவார்கள். மூன்றாம் மாதமும் விட்டால் ஊரை விட்டுப் போனவர் என்று எழுதி 4,000-ஐயும் நிறுத்திவிடுவார்கள். வரும் ஒன்றாம் தேதி உங்கள் அப்பா ராமகுப்பத்தில் இருக்க வேண்டும்.