தங்கம் உறிஞ்சும் இயந்திரமும் எங்கள் வீட்டு வாளியும்

இந்த மாதம் அறிவியல் பகுதிக்கு எழுத டீச்சர் என் பெயரைச் சொன்னார்கள். நான் செய்த ஒரு மாதிரியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்க சித்தப்பா போனில் ஒரு படம் பார்த்தார். (எந்தச் சித்தப்பா என்று கேட்காதீர்கள், கோபிப்பார்.) கலிபோர்னியாவில் ஒருத்தர் ஆற்றில் மிதக்கும் இயந்திரத்தை வைத்து அடி மண்ணை உறிஞ்சித் தங்கம் எடுக்கிறார். அதற்குப் பெயர் சக்ஷன் டிரெட்ஜ். அன்றிலிருந்து சித்தப்பாவுக்குத் தூக்கமில்லை. நம்ம தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-ஐ ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கத்துக்காகத் தோண்டியது எல்லாருக்கும் தெரியும். ஓடை மண்ணை மரத்தட்டில் அரிக்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். "தட்டில நாள் பூரா அரிக்கிறதை மெஷின்ல பத்து நிமிஷத்துல முடிக்கலாம். நீதான் சயின்ஸ் படிக்கிறியே, எப்படின்னு பாத்துச் சொல்லு" என்று சொல்லி, ஒரு பழைய தண்ணி மோட்டாரையும் இரவல் வாங்கி வந்துவிட்டார்.

சித்தப்பா நினைத்தது, மண்ணும் கல்லும் மோட்டார் வழியாகப் போகும் என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்படிப் போனால் மோட்டார் ஒரே நாளில் தேய்ந்துவிடும். உண்மையில் மோட்டார் சல்லடை வைத்து நல்ல தண்ணீரை மட்டும்தான் எடுக்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு குறுகலான மூக்கு வழியாக ஒரு பெரிய குழாய்க்குள் வேகமாகப் பீய்ச்சுகிறது. தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். இதை 1738-இல் பெர்னூலி தன் புத்தகத்தில் எழுதினார். 1797-இல் வெஞ்சூரி என்ற இத்தாலி நாட்டு அறிஞர் குறுகலான குழாயில் இது எப்படி நடக்கிறது என்று எழுதினார். அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஆற்றடியிலிருந்து இன்னொரு குழாய் வருகிறது. அது வழியாகத் தண்ணீர், மணல், கூழாங்கல் எல்லாம் மேலே ஏறுகிறது. அதாவது, தள்ளித்தான் இழுக்கிறது!

நான் மோட்டாரைத் தொடவில்லை. எங்க லைனுக்கு மேட்டுத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே நல்ல வேகம். ஒரு அங்குல டி-ஜாயின்ட் ஒன்று, பழைய பால்பேனா கூடு ஒன்று, எம்-சீல், கொஞ்சம் டியூப். டி-யின் ஒரு முனையில் பேனா கூட்டை நேராக வைத்து எம்-சீல் போட்டு அடைத்தேன். எதிர் முனை தண்ணீர் வெளியே போக. பக்கத்துக் கிளையில் உறிஞ்சும் டியூப். குழாயைத் திறந்தால், உறிஞ்ச வேண்டிய டியூபிலிருந்து தண்ணீர் என் முகத்தில் அடித்தது. தம்பி சிரித்துக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. வெளியே போகும் பக்கம் அரை அங்குலக் குழாய் போட்டிருந்தேன். வழி போதாமல் தண்ணீர் கிளை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதையும் ஒரு அங்குலமாக மாற்றியதும் வாளி மணல் சர்ரென்று ஏறியது.

வெளியே வரும் மணல் ஒரு சாய்வான பெட்டியில் ஓட வேண்டும். குச்சி ஐஸ் குச்சிகளைக் குறுக்கே ஒட்டி, அடியில் கோணிச்சாக்கு விரித்தேன். சாதாரண மணல் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம், தங்கம் 19.3 மடங்கு. அதனால் மணல் குச்சியைத் தாண்டி ஓடிவிடும், தங்கம் குச்சிக்குப் பின்னால் விழுந்து சாக்கில் மாட்டும். தங்கத்துக்கு நான் எங்கே போவேன்? தூண்டில் ஈயத்தை வெட்டி 20 துண்டு போட்டேன். ஈயம் 11.3 மடங்கு. (தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.) பெட்டியை அதிகமாகச் சாய்த்தபோது 6 துண்டுதான் நின்றது. ரொம்பப் படுக்கவைத்தால் மணல் அடைத்துக்கொண்டது. ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் இறக்கம் வைத்தபோது 17 கிடைத்தது.

பெரிய இயந்திரத்தில் ஆள் தண்ணீருக்குள் மூழ்கி டியூபைப் பிடிக்கிறார். அடியில் மண் போகப்போக மேலே உள்ள பாறை உருண்டு அவர் மேல் விழலாம். மேலே இன்ஜின் புகை மூச்சுக் குழாயில் கலந்தால் உயிரே போய்விடும். போனில் பார்த்த படத்தில் இதெல்லாம் வரவில்லை.

இன்னொன்றும் வரவில்லை. 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடித்த பிறகு வந்து குவிந்தவர்கள் தங்கத் தூளைப் பிடிக்கப் பாதரசம் ஊற்றினார்கள். சிந்தியது இன்னமும் ஆற்றடியில் கிடக்கிறது. டிரெட்ஜ் அதையும் உறிஞ்சி, பொடித் துளியாக உடைத்துத் தண்ணீரில் விடுகிறது. அது மீனுக்குள் போகிறது. சால்மன் மீன் முட்டையிடும் கூழாங்கல் தரையும் கலைகிறது. 2009-இல் கலிபோர்னியா அரசு டிரெட்ஜுக்குத் தடை போட்டது.

நம்ம பக்கத்துத் தங்கம் நிறைய வெள்ளைக் கல்லுக்குள் இருக்கிறது. கல்லை இடித்தால்தான் வரும், உறிஞ்சினால் வராது. ஓடையில் இருக்கும் கொஞ்சத்துக்கு வேண்டுமானால் இது உதவும். இதைச் சொன்னபோது சித்தப்பா, "அந்தக் கொஞ்சம் போதும்மா" என்றார். அவருக்குக் கடன் இருக்கிறது. அது எனக்கும் தெரியும்.

அதனால் மாதிரியை அவர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். ஈயத்தை எண்ணி சந்தோஷப்பட்டார். அப்புறம் பெட்டியிலிருந்து வழிந்த தண்ணீரைப் பிடித்த வாளியைக் காட்டினேன். பால் டீ நிறம். மறுநாள் காலை வரை தெளியவில்லை. அது ஒரு சொப்பு மண்ணுக்கு. அவர் இடம் பார்த்து வைத்திருக்கும் ஓடையின் கீழ்ப்பக்கத்தில்தான் 3 லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். எங்க வீடும் அதில் ஒன்று.

சித்தப்பா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். மாதிரி இப்போது அறிவியல் அறை ஜன்னல் பக்கம் இருக்கிறது. மதிய இடைவேளையில் வந்தால் ஓட்டிக் காட்டுகிறேன். வாளி மட்டும் கொண்டு வாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி