ஏர் மார்ஷல் ஆக எத்தனை வருஷம்?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகன் விமானப்படையில் ஏர் மார்ஷல் ஆவேன் என்கிறான். எத்தனை வருஷம் ஆகும்?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: முப்பத்தைந்து வருஷத்துக்குக் குறையாதுங்க அம்மா. உதாரணத்துக்கு, எஸ். கிருஷ்ணசாமி 1963இல் விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். போர் விமானி, சோதனை விமானி என்று படிப்படியாக ஏறி, ஏர் மார்ஷலுக்கும் மேலே, விமானப்படைத் தலைமைத் தளபதியானது 2001 டிசம்பர் 31 அன்று. நடுவே ஜாகுவார் விமானத்துக்கு உள்நாட்டிலேயே நவீன வழிகாட்டுக் கருவிகளைப் பொருத்திய குழுவையும் நடத்தினார். பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சி.

ஃபிளையிங் ஆபீசராகச் சேர்ந்தால் 2 வருஷத்தில் ஃபிளைட் லெப்டினன்ட், 6இல் ஸ்குவாட்ரன் லீடர், 13இல் விங் கமாண்டர். இதுவரை ஏறக்குறைய வருஷக்கணக்குதான். அதற்கு மேல் தேர்வுக்குழு சலித்து எடுக்கும். அடுத்த படியான குரூப் கேப்டனோடு ஓய்வு பெறுகிறவர்கள் பலர். அதுவும் சின்னப் பதவியா என்ன?

பையன் தயாராக, உடுமலை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 முதல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு உண்டு, உடனே விசாரியுங்கள். தவறினாலும், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து, தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) நுழைவுத்தேர்வு எழுதலாம்.

விமானி ஆக வேண்டுமென்றால் கால் நீளம்கூட 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். விமானிக்கான திறனறி தேர்வில் ஒருமுறை தவறினால் மறுவாய்ப்பே கிடையாது. கண்ணை இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.